கோமதி அக்கா போட்ட இசை

கரமனையிலிருந்து மணி அண்ணன் அழைத்தபோது நான் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவர் பகல் நேரத்தில் என்னை அழைக்கிறவர் இல்லை. அழைத்தால் அக்காவுக்கு மருந்து வாங்கி வரச் சொல்லித்தான் இருக்கும். அதனால் எந்த மருந்து என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். "மருந்து வேண்டாம் ஜெபா. அக்கா போயிட்டா" என்றார். அதற்குப் பிறகு அவர் ஏதோ சொன்னார், என் காதில் ஏறவில்லை. நான் போக வேண்டிய பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. எதிர்ப்பக்கம் போய் கரமனை பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கோமதி அக்காவோடு வாசித்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு தமிழ்க் காதல் படத்துக்கு அவர் பின்னணி இசை போட்டார். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படத்தின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் தேடிப்பிடித்துப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று என்னிடம் சொல்வீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

அவருடைய முன்னோர் திருநெல்வேலியிலிருந்து வந்து கரமனை அக்ரஹாரத்தில் குடியேறியவர்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி மணி அண்ணன் குடும்பத்தோடு அதே வீட்டில் இருந்தார். பக்திப் பாடல்கள், விளம்பரங்கள், தொலைக்காட்சித் தொடர்கள் என்று எது வந்தாலும் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் பஸ்ஸில் வந்து இறங்குவார். பெரிய இசையமைப்பாளர்களுக்கு நேரம் போதாமல் போகும் படங்களில் அவர்கள் பெயரில் பல காட்சிகளை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். எது எது என்று கேட்டால் சிரிப்பாரே தவிரச் சொல்ல மாட்டார். நான் அதே ஸ்டூடியோவில் ஒலிக்கலவை செய்கிறவன். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து வந்தவர். மலையாளம் மட்டுமே கேட்கும் அந்த ஸ்டூடியோவில் நாங்கள் இரண்டு பேரும் தமிழில் சண்டை போட்டுக்கொள்வது மற்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஒருமுறை ஒரு தொடரில் மாமியார் கதவைத் திறந்து வரும் காட்சிக்கு இடிபோல மூன்று அடி வேண்டும் என்றார்கள். அக்கா போட்டுக் கொடுத்தார். மறுநாள் அதே மாமியார் காய் நறுக்கினாள், அதற்கும் மூன்று அடி கேட்டார்கள். அதையும் போட்டார். வெளியே வந்து என்னிடம், "காட்சிக்குள்ள ஒண்ணும் இல்லைன்னா வெளியில நிறைய சத்தம் வேணும், கேட்டியா. நான் இத்தனை வருஷமா சத்தம்தான் போட்டுண்டிருக்கேன்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க அவர் முகம் சரியாக இல்லை.

அப்படி இருந்தபோதுதான் அந்தப் படம் வந்தது. திருநெல்வேலிக்காரர் ஒருவர் எடுத்த முதல் படம். எங்கள் ஊரையடுத்த மலையில், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கும் கல்லாற்றில் ஜீப் ஓட்டும் ஒருவனுக்கும் காதல். பாட்டுகளைச் சென்னையில் முடித்துவிட்டார்கள். பின்னணி இசைக்கு அங்கே கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. எல்லாம் இங்கேதானே எடுத்தோம், இங்கேயே முடித்துவிடலாம் என்று யாரோ சொல்ல, அக்காவிடம் வந்தார்கள். அவர் பெயரிலேயே, திரையில் அவர் பெயர் போட்டு. அவர் அதை நம்பாமல் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

கடைசிக் காட்சியைச் சொன்னால்தான் மற்றது புரியும். கல்லாறு பஸ் நிறுத்தம். அவள் ஊரைவிட்டுப் போகிறாள். அவன் வழியனுப்ப வந்திருக்கிறான். இருவரும் காதலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் அவனிடம் ஜீப்பின் பிரேக்கைச் சரிபார்க்கச் சொல்கிறாள், மழையில் நனையாதே என்கிறாள், சாப்பிட்டாயா என்கிறாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். பஸ் வருகிறது. அவ்வளவுதான் காட்சி. அக்கா முதலில் சத்தமே இல்லாமல் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் குரலை மட்டும் ஓட்டச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இவ மூச்சுதான் தாளம். நான் வேற தாளம் போட்டா அது பாவம்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கல்லாற்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்த ஆற்றின் சத்தம் எந்தச் சுருதியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கடையில் டீ வாங்கிக்கொண்டு பாலத்தின் ஓரத்தில் வெகுநேரம் நின்றோம். பொன்முடிக்குப் போகிற வண்டிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் ஆற்றுக்குச் சுருதியே இல்லை என்று அறிவித்தார். அதற்கு எதற்கு நெடுமங்காடு வழியாக இவ்வளவு தூரம் என்று நான் கேட்டதற்கு, "இல்லைன்னு தெரியறதுக்கும் வரணுமோல்லியோ" என்றார். அந்தக் காட்சிக்கு வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான வயோலா ஒன்று போதும், அதுவும் தாழ்ந்த தந்தியில், என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

பின்னணி இசை பதிவு செய்யும்போது வாசிப்பவர்கள் காதில் ஹெட்போன் இருக்கும். அதில் டிக் டிக் என்று தாளம் எண்ணும் ஒலி ஓடும். க்ளிக் என்போம். இசை படத்தோடு ஒட்டி நிற்பது அதனால்தான். அக்கா அந்தப் படம் முழுக்கவே க்ளிக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாகக் காட்சியின் வசனத்தை ஹெட்போனில் ஓட்டச் சொன்னார். அந்தப் பெண் பேசுவதைக் கேட்டு, அவள் மூச்சு விட்ட பிறகு வில்லை எடுக்க வேண்டும். வயோலா வாசித்தவர் வர்கீஸ் சேட்டன். தங்கமான கை. ஆனால் காது கொஞ்சம் மந்தம். ஹெட்போனை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டார். அதில் ஓடிய வசனம் வெளியே கசிந்து, வயோலாவுக்கு முன்னால் இருந்த மைக்கில் விழுந்தது. பதிவைத் தனியாகப் போட்டுக் கேட்டால், வயோலாவுக்குள் எங்கேயோ ஒரு பெண் சன்னமாகச் "சாப்பிட்டியா" என்று கேட்டாள்.

நான் அக்காவைக் கூப்பிட்டு, "வயோலாவுக்க உள்ள வாய்ஸ் லீக் ஆவுது அக்கா, கேளுங்க" என்றேன். வர்கீஸ் சேட்டனிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், "எனிக்கு கேள்க்கண்டே?", எனக்குக் கேட்க வேண்டாமா, என்று அவர் கோபித்துக்கொண்டார். குறைத்துவைத்து ஒரு தடவை வாசித்தும் பார்த்தார், சரியாக வரவில்லை. அக்கா இரண்டையும் கேட்டார். "சாரமில்லை ஜெபா, இருந்துட்டுப் போகட்டும். படத்துல அவ அதே இடத்துலதானே பேசறா. குரலுக்கு மேல குரல் விழுந்தா யாருக்குத் தெரியப்போறது" என்றார். அது சரிதான். கலவை செய்து முடித்தபோது எனக்கே தெரியவில்லை. சொல்லப்போனால் அந்தக் கசிவினால்தான் இசை அவள் வாயிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. இப்படி ஒரு காரியத்தை எந்தப் பிரமாதமான ஸ்டூடியோவிலும் செய்ய விட்டிருக்க மாட்டார்கள். எங்களுடையதைப் போன்ற இடத்தில்தான் நடக்கும்.

படம் ஒரு வாரம் ஓடியது. திருவனந்தபுரத்தில் ஒரே தியேட்டர், அக்கா வீட்டுக்காரர்கள் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். அக்காவும் நானும் போன காட்சியில் முன்வரிசையில் கட்டிட வேலைக்கு வந்த தமிழ்ப் பையன்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் வயோலா தொடங்கியதும் விசில் நின்றது. அவர்களில் ஒருவன் செல்போனை எடுத்தான், பார்த்தான், அணைத்துப் பையில் போட்டான். விளக்கு போட்ட பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் இருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்து, "மதி. எனக்கு இது மதி" என்றார். உண்மையிலேயே அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கும், அதையாவது அவரிடம் விட்டுவைத்திருந்தால்.

சில வருஷங்கள் கழித்து அந்தப் படத்தை ஓடிடியில் போட ஒரு நிறுவனம் வாங்கியது. தமிழோடு வேறு மொழிகளிலும் டப் செய்து வெளியிட வேண்டும் என்றார்கள். அதற்குப் பேச்சை நீக்கிவிட்டு இசையையும் சத்தங்களையும் மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்ததைச் சோதித்துப் பார்த்தவர்கள், இசைக்குள் தமிழ்ப் பெண் குரல் கேட்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி பதிவு செய்யத் தயாரிப்பாளருக்கு மனமும் இல்லை, வழியும் இல்லை. விலைக்குக் கிடைக்கும் ரெடிமேட் இசையை எடுத்து முழுப் படத்துக்கும் ஒட்டினார். எல்லா மொழிக்கும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று தமிழிலும் அதையே வைத்தார்கள். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. திரையில் அவர் பெயரை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள்.

படம் வந்துவிட்டது என்று மணி அண்ணனின் மகள் நந்தினிதான் கண்டுபிடித்தாள். அத்தை என்றால் அவளுக்கு உயிர். சாயங்காலம் வீட்டில் பாயசம் வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, டிவி முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவின் பெயர் வந்ததும் கைதட்டினார்கள். பிறகு முதல் காட்சி. தேயிலைச் சரிவில் ஒரு பியானோ ஒலித்தது. அக்கா பியானோ போடவே இல்லை. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கையில் பாயசக் கிண்ணம் இருந்தது. படம் முடியும்வரை அதைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. கடைசிக் காட்சிக்கு அந்தப் பியானோவோடு வயலின் கூட்டமே சேர்ந்து அழுதது. பக்கத்து வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோமதி, என்னமா போட்டிருக்கேடி" என்றார். அக்கா தலையை ஆட்டினார்.

வாசல்வரை என்னோடு வந்தார். நான் கோபத்தில் என்னென்னமோ பேசினேன். வழக்கு, புகார் என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, உள்ளே யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "சொல்லி என்ன செய்யறது? அவாளுக்கு அது என்னுதாக்கும். சந்தோஷமா இருக்கட்டும்" என்றார். பிறகு, "நான்தான் அவ குரலைக் கூப்பிட்டு உள்ள உக்கார வச்சேன். அவ போறப்ப என்னையும் இழுத்துண்டு போயிட்டா" என்றார். நான் எதிர்பார்த்தது அழுகை. அவர் அழாதது அதைவிட மோசமாக இருந்தது.

தேடாமல் இல்லை. எங்கள் ஸ்டூடியோவை அதற்குள் மூடி, சாமான்களை மொத்தமாக விற்றுவிட்டார்கள். ஹார்ட் டிஸ்க்குகளை அழித்துத்தான் விற்றார்களாம். படத்தின் ஒரு துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் தொழிலில் கட்டாயம், நான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவன். இன்று அந்த ஒழுங்கை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. ஓடிடிக்காரர்கள் திருப்பி அனுப்பிய கோப்பின் மேலேயே புது இசையை ஏற்றிவிட்டார்கள், பழையது இல்லை. தயாரிப்பாளரிடம் தியேட்டருக்கு அனுப்பிய பிரதி ஒன்று கிடந்தது. ஆனால் அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி படம் ஓடிய வாரத்தோடு காலாவதியாகிவிட்டது. சாவி கொடுத்த கம்பெனியும் இல்லை. தியேட்டரில் யாராவது திருட்டுத்தனமாகப் படம் பிடித்திருப்பார்கள் என்று இணையத்தில் துழாவினேன். கிடைத்ததெல்லாம் பியானோதான். அதைச் சொன்னபோது அக்கா சிரித்தார். "என் படத்தைத் திருடக்கூட ஒருத்தனுக்கும் தோணலை பாத்தியா."

ஸ்வரம் எழுதிய தாள்கள் அவரிடம் இருந்தன. அதை வைத்து ஒருமுறை முயன்றோம். வர்கீஸ் சேட்டனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை எழும்பவில்லை. வேறொருவர் வந்து வாசித்தார். நல்ல வாசிப்பு, ஒரு பிசகு இல்லை. ஆனால் அந்தத் தாள்களில் முக்கியமான இடங்களிலெல்லாம் ஸ்வரமே இல்லை. "அவள் பேசட்டும்" என்றுதான் எழுதியிருந்தது. எவ்வளவு நேரம் பேசட்டும், எங்கே வில்லை எடுப்பது என்பது அன்றைக்கு வர்கீஸ் சேட்டன் காதுக்கும் அந்தக் குரலுக்கும் நடந்த விஷயம். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு வாசித்தவருக்கு நன்றி சொன்னார். வெளியே வந்ததும், இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். அதற்கப்புறம் அவர் எந்த வேலையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கேட்டால் க்ஷீணமாக இருக்கிறது என்பார். இருதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர்கள் கண்டுபிடித்தது பின்னால்தான்.

நான் கரமனை போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தூக்குவதற்கு இன்னும் நேரம் இருந்தது. சாயங்காலம் பெங்களூரிலிருந்து வந்த நந்தினி, இறங்கிய கோலத்திலேயே தலைமாட்டில் உட்கார்ந்தாள். அத்தையை அவருடைய இசையோடு அனுப்ப வேண்டும் என்று சொல்லி, செல்போனை ஒரு சின்ன ஸ்பீக்கரோடு இணைத்து அந்தப் படத்தின் கடைசிக் காட்சியைப் போட்டாள். பியானோ ஆரம்பித்தது. கூடத்தில் அதுவரை அடக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். மணி அண்ணன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டார். மந்திரம் சொல்ல வந்த வாத்தியார்கூட முடியட்டும் என்று காத்திருந்தார். முடிந்ததும் நந்தினி திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் யாரோ எவனோ எதற்கோ செய்து விற்ற இசை ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்து என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சத்தியம் செய்திருந்தேன்.

காரியங்கள் முடிந்த பிறகு மணி அண்ணனைப் போய்ப் பார்த்தேன். சத்தியம் அக்கா இருந்தவரைக்கும்தான் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது, ஆனால் நந்தினிக்குத் தெரிய வேண்டாம் என்றார். அவள் மலையாளமும் இங்கிலீஷும் படித்தவள், தமிழ் பேசுவாளே தவிர வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கிளம்பும்போது மணி அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "அவ போட்டது எப்படி இருக்கும் ஜெபா? ஒரு தடவை முனகிக் காட்டேன். நானும் கேட்டுக்கறேன்" என்றார். நான் தயங்கவில்லை. பதிவு செய்த அன்றும், கலவை செய்த நாட்களிலும், தியேட்டரிலும் கேட்ட இசை. கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். தாழ்ந்த தந்தியில் ஆரம்பிப்பது, அவள் மூச்சு விடுவது, வில் எழுவது, எல்லாம் நினைவில் இருந்தது. முனகினேன். கொஞ்சம் போனதும் மணி அண்ணன் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார்.

"இதுதானேடா நாங்க கேட்டது" என்றார்.

நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். பியானோதான் வந்தது. அக்காவுக்காக இணையத்தில் தேடித் தேடி அதையே கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. இன்னும் ஒரு முறை முயன்றேன். மணி அண்ணன், சரி விடு, பரவாயில்லை என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டிலும் பஸ்ஸிலும் முயன்றுகொண்டுதான் இருக்கிறேன், வரவில்லை. வர்கீஸ் சேட்டனுக்கு இப்போது பேச்சும் போய்விட்டது, அவரிடம் போய்க் கேட்க முடியாது. கோமதி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அவருடைய இசை இல்லை. இது அது அல்ல என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைத்தான் வைத்திருக்கிறேன்.